மாட்சோ தட்டுக்கு வருமுன்பே நமத்துப் போகிறதா? மத்தியதரைக் கடல் பாணிச் சிற்றுண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்சோ என்பது யூதர்கள் சுடும் புளிக்காத, மெல்லிய தாள் போன்ற ரொட்டி; அதில் இருப்பது மாவும் தண்ணீரும்தான். சாதாரண வகையில் உப்பு, கொழுப்பு, ஈஸ்ட் எதுவும் சேராது. யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்குச் செய்யும்போது, மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் அது அடுப்பில் வெந்தாக வேண்டும். புளிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்பதே காரணம். உப்பி எழாமல் இருக்கத்தான் அந்த வரிவரியான துளைகள். இப்படி உலர்ந்து போன ஒரு தாளை, காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் கோலாலம்பூரில் பிரித்து வைத்தால், அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்தச் சிற்றுண்டியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஈரத்தை மறந்ததால் வருபவை.

முதலில் அளவு. இரண்டு பேருக்கு 2 மாட்சோ தாள், 4 மேசைக்கரண்டி ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), சிறிய ஜப்பான் வெள்ளரிக்காய் 1, செர்ரி தக்காளி 6, ஒலிவ் காய் 8, ஃபெட்டா சீஸ் 40 கிராம், ஒலிவ் எண்ணெய் 2 தேக்கரண்டி, சாத்தர் பொடி (உலர்ந்த மூலிகை, எள், சுமாக் கலந்தது) அரைத் தேக்கரண்டி. ஹம்முஸ் தயாராக இருந்தால் அரை மணி நேர வேலை.

பாக்கெட்டைப் பிரித்த அன்றே முழுவதையும் தின்று தீர்ப்பது அரிது. மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது வீண்; வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான மைலோ டின் போதும். ஏற்கெனவே நமத்திருந்தால் 150 டிகிரியில் 5 நிமிடம் அடுப்பில் சூடு காட்டுங்கள். ஏர் ஃபிரையரில் 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் மேலே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். விசிறிக் காற்றில் மெல்லிய துண்டு பறந்து சூடான கம்பியில் ஒட்டும். 180 டிகிரி வைத்தால் ஓரம் கருகிய பிறகுதான் நடுப்பகுதி மொறுமொறுப்பாகும். சூடு காட்டுவதற்கு முன் பாதி எண்ணெயைப் பிரஷால் தடவிக்கொள்வது நல்லது. மேலே தடவும் ஹம்முஸின் ஈரம் உடனே உள்ளே இறங்காமல் அந்தக் கொழுப்புப் படலம் சற்றுத் தடுக்கும்.

சூட்டோடு சூடாக ஹம்முஸைத் தடவுவது அடுத்த தவறு. அடியில் ஆவி கட்டி, தடவிய இடமெல்லாம் தோல் போல இழுபடும். கம்பித் தட்டில் நன்றாக ஆறட்டும். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு திரும்பும்.

துண்டு போடும்போது துளைகள் போகும் திசையைப் பார்த்து உடையுங்கள். குறுக்கே உடைத்தால் சில்லுச் சில்லாகப் போகும், கத்தி வைத்தாலும் அதே கதைதான்.

ஹம்முஸில்தான் பிழைகள் அதிகம். தொட்டுத் தின்னும் ஹம்முஸ் தளர்வாக இருக்கலாம்; மாட்சோவுக்கு அது ஆகாது. கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம் வேண்டும். 400 கிராம் டின் கொண்டைக்கடலையை வடித்தால் சுமார் 240 கிராம் நிற்கும். அதை அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு 15 நிமிடம் மீண்டும் கொதிக்க விட்டு அலசுங்கள். தோல் கழன்று விழுது மென்மையாகும். இதைச் செய்யாமல் மிக்சியை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நறநறப்பு போகாது. இதோடு அரைக்க 4 மேசைக்கரண்டி தஹினி (வெளிர் எள் விழுது), 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு. சாறு பட்டதும் தஹினி இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டது என்று பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால் தளர்ந்து வெளுக்கும். இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். சீனக் கடை எள் விழுது கருக வறுத்த எள்ளில் செய்தது. அதைப் போட்டால் எள் வாடைதான் முன்னே நிற்கும். எலுமிச்சைக்குப் பதில் லீமாவ் கஸ்தூரி பிழியலாம், மணம் வேறு என்றாலும் நன்றாகவே இருக்கும். விதையை எடுத்துவிடுங்கள், அரைபட்டால் கசக்கும்.

வெள்ளரிக்காயைப் பிளந்து நடுச் சதையைச் சுரண்டி எடுங்கள். பொடியாக நறுக்கி, இரண்டு சிட்டிகை உப்புத் தூவி 15 நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். தக்காளிக்கும் விதையும் நீரும் போகட்டும். ஒலிவ் காயையும் ஃபெட்டாவையும் காகிதத் துண்டில் ஒற்றி எடுங்கள். இரண்டும் உப்பு நீரில் ஊறியவை. மாட்சோவில் உப்பு இல்லையே என்று மேலே உப்புத் தூவுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். டின்னில் வரும் வழவழப்பான கறுப்பு ஒலிவ் பெரும்பாலும் சுவையற்றது. கலமாட்டா வகை இருந்தால் அதையே வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃபெட்டா உறையில் ரென்னெட் (பாலை உறைய வைக்கும் பொருள்) எந்த வகை என்று பார்க்கவும்; கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததும் உண்டு. ஃபெட்டாவுக்குப் பதில் பன்னீரை உதிர்த்துப் போட்டால் புளிப்பும் உப்பும் இருக்காது. 100 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து ஒரு மணி நேரம் ஊற விட்டு வடியுங்கள்.

சாத்தரில் இருக்கும் சுமாக் என்ற புளிப்புக் காய்ப் பொடிக்கு, பிரிக்பீல்ட்ஸ் அல்லது பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் விற்கும் மாங்காய்ப் பொடி ஓரளவு ஈடு கொடுக்கும். கரம் மசாலா ஈடு கொடுக்காது, அது வேறு ஊர்ச் சாப்பாடாகிவிடும்.

மாட்சோ எல்லாப் பேரங்காடியிலும் இருக்காது. கிடைக்காவிட்டால் கிரீம் கிராக்கரில் செய்யலாம். அதில் உப்பும் கொழுப்பும் உண்டு என்பதால் எண்ணெய் தடவ வேண்டாம், ஃபெட்டாவைப் பாதியாக்குங்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தது என்பதால் பாஸ்காவுக்கு அது செல்லாது. அந்தப் பண்டிகை நாட்களில் ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் மரபாகப் பருப்பு வகைகளையே தவிர்ப்பார்கள், ஆகவே ஹம்முஸும் கிடையாது.

விருந்தினர் வருமுன்னே அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைப்பதும் வேண்டாம். ஹம்முஸ், காய், மாட்சோ மூன்றையும் தனித்தனியாக வைத்து, தின்பதற்கு ஐந்து நிமிடம் முன் சேருங்கள். ஹம்முஸையும் சீஸையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. தடவிய துண்டு மிஞ்சினால் அதை மைலோ டின்னில் திரும்பப் போடாதீர்கள். அந்த ஈரத்தில் டின்னில் இருக்கும் மற்றதும் நமத்துவிடும்.