அக்கரைச் சீமைக் கடிதங்கள்: கம்பியிலிருந்து கழற்றிப் படிக்கும் முறை

செட்டிநாட்டு வீட்டில் பழைய பெட்டியை ஒழிக்கும்போது, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் போட்ட கடிதங்கள் வளைந்த கம்பியில் குத்தியபடி கிடைக்கும். அவசரப்பட்டு உருவிவிடாதீர்கள். முதலில் வந்தது அடியில், கடைசியாக வந்தது மேலே. தேதி கிழிந்துபோன கடிதத்துக்கு அந்த வரிசைதான் சாட்சி. கம்பியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மூலையில் பென்சிலால் எண் போடுங்கள். துருப்பிடித்து ஒட்டியிருந்தால் தாளை இழுக்காமல் கம்பியை வெட்டுங்கள்.

மடிப்பு மொறுமொறுவென்று இருந்தால் தண்ணீர் தெளிக்கவே கூடாது. காப்பிங் பென்சிலில் எழுதியது ஈரம் பட்டதும் ஊதாவாகப் பரவிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் தானாகவே தளரும். அப்போது விரித்து மேலே கண்ணாடித் தகடு வையுங்கள். செலோடேப், லாமினேஷன் இரண்டும் வேண்டாம். படம் எடுக்க வளவு, அதாவது உள்முற்றத்துத் தாழ்வாரத்தின் காலை வெளிச்சம் போதும், நேர் வெயில் படக் கூடாது.

தேதியில்தான் பலர் சறுக்குவார்கள். ‘பிரபவ ௵ தை ௴ ௰௨ ௳’ என்று இருக்கும். ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ தேதி; ௰ பத்து, ௨ இரண்டு. ஆக 12ஆம் தேதி, 102 அல்ல. பிரபவ 1867லும் உண்டு, 1927லும் உண்டு. தபால்தலையில் விக்டோரியா ராணி என்றால் முன்னது, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் பின்னது. ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை 1928 ஜனவரிக் கடைசி. 1927 என்று எழுதிவிடாதீர்கள். இந்தியத் தபால்தலை மேல் பர்மா என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் அது 1937 ஏப்ரலுக்குப் பிந்தியது. தலையை வெட்டி விற்றுவிட்டால் இந்தத் துப்பெல்லாம் அதோடு போகும்.

எழுத்தில் புள்ளி இருக்காது. கொடுவும் கோடுவும் ஒன்றுபோலத் தெரியும். வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கிவிடும். உறவுப் பெயரிலும் கவனம் தேவை: அப்பச்சி என்றால் தகப்பனார், ஆச்சி பெரும்பாலும் அக்காள். வெளியூர்க்காரர்கள் இருவரையும் தாத்தா பாட்டி ஆக்கிவிடுவார்கள்!

உடம்பு பற்றிய சேதிகள் மறைபொருளாக வரும். ‘மேலுக்கு முடியவில்லை’ என்பது எந்த நோவுக்கும் பொருந்தும். ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்பதுதான் சிக்கல்: தாயார் வந்து தங்கியிருக்கலாம், அம்மை போட்டிருக்கலாம். அடுத்த கடிதத்தில் வேப்பிலையோ ‘தலைக்குத் தண்ணீர் விட்டது’ என்றோ இருந்தால் அம்மைதான். அப்போதும் வைசூரியா சின்னம்மையா என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியில் படியெடுத்து, உங்கள் ஊகத்தை எதிரே தனியாக எழுதுங்கள். குளிர்சுரத்தோடு கொயினா (குயினின் மருந்து) வந்தால் மலேரியா என்று ஊகிக்கலாம்.

சாவுக் கடிதம் கம்பியில் அகப்படுவது அபூர்வம்; படித்த கையோடு கிழித்துவிடுவது வழக்கம். அதனால் கடித முடிவில் ‘சுகத்துக்கு எழுதவும்’ என்று விசாரிக்கும் பெயர்களை எண் வாரியாக ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மேலிருந்து எண் போட்டதால் பெரிய எண்தான் பழைய கடிதம்; அதிலிருந்து சிறிய எண்ணை நோக்கிப் பார்த்து வரும்போது எந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒரு பெயர் வராமல் போகிறதோ, அதற்கும் அடுத்து வந்த கடிதத்துக்கும் இடைப்பட்ட மாதங்களின் வீட்டுச் செலவுக் கணக்கைப் புரட்டிக் கருமாதிச் செலவு இருக்கிறதா என்று பாருங்கள்.