பழைய கேம்பர் வேனில் பேட்டரி அடிக்கடி இறங்கினால்

கேம்பர் வேனுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிக்கு, புது பேட்டரி வாங்கும் முன் மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ஒழுக்கு இருந்தால் புதுசும் சீக்கிரமே படுத்துவிடும்.

முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, ஓர் இரவு சும்மா விட்டு, மல்டிமீட்டரில் (மின்சாரம் அளக்கும் கருவி) வோல்ட் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. கழற்றி வைத்தும் 12.4க்குக் கீழே இறங்கினால் பேட்டரியே போச்சு. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வரவில்லையா? 1980களின் ஃபோக்ஸ்வாகன் டி3 போன்ற வண்டிகளில் டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கைப் பாருங்கள். அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) விழிக்கிறது. பல்பு ஃபியூஸானால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

அடுத்து ஒழுக்கு. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணையுங்கள். இந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு சட்டென விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. அலமாரிக்குள் அணையாத 5 வாட் பல்பு ஒன்றே நாளுக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி குடிக்கும்.

எந்த ஃபியூஸுக்கும் விழவில்லையென்றால் ஆல்டர்னேட்டர் டயோடையும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), வீட்டு பேட்டரியை (வேனுக்குள் ஃப்ரிட்ஜ், விளக்குகளுக்கான இரண்டாவது பேட்டரி) ஸ்டார்ட்டர் பேட்டரியோடு இணைக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சையும் சந்தேகப்படுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால், இன்ஜின் நின்ற பிறகும் ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட்டர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.