சுமாரான கணினியிலும் ஜிடிஏ 5 சீராக ஓட: எந்த அமைப்பைக் குறைப்பது, எதைத் தொடவே வேண்டாம்?

ஜிடிஏ 5 விளையாட்டு கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அப்போது பரிந்துரைக்கப்பட்ட கிராபிக்ஸ் கார்டு 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 660. இன்று விற்கும் சாதாரண கேமிங் லேப்டாப்பே அதைவிட வலுவானது. அப்படியும் கார் ஓட்டும்போது படம் திக்கித் திக்கி நகர்கிறதா? பெரும்பாலும் மெனுவில் இரண்டு மூன்று அமைப்புகள் மட்டும் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். அதற்காக எல்லாவற்றையும் 'நார்மல்' ஆக்கி, அவ்வளவு அழகான நகரத்தை மங்கலாக்கிவிடாதீர்கள். பாரம் எதுவென்று கண்டுபிடித்து அதை மட்டும் இறக்கினால் போதும்.

இங்கே சொல்வது 'லெகசி' எனப்படும் பழைய பதிப்புக்கு. 2025 மார்ச்சில் வந்த 'என்ஹான்ஸ்டு' பதிப்பில் ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங் எல்லாம் உண்டு, அந்தப் பதிப்புக்கு எஸ்எஸ்டி எனப்படும் வேகமான சேமிப்பகம் கட்டாயம். உங்கள் கணினி சுமார்தான் என்றால் லெகசியிலேயே இருங்கள்.

விளையாட்டைத் திறப்பதற்கு முன்

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டு தன் முழு வேகத்துக்குப் போகாது. அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய், ஜிடிஏ 5-ஐப் பட்டியலில் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், தனி கார்டு சும்மா இருக்க, பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸில் விளையாட்டு ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். அது சரியானாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து 'இப்போ பரவாயில்லை' என்று முடிவு செய்ய வேண்டாம். அளப்பதற்கு இந்த விளையாட்டிலேயே வசதி இருக்கிறது. முன்கதையை முடித்து, விளையாட்டு நடக்கும் நகரமான லாஸ் சாண்டோஸுக்கு வந்த பிறகு, ஸ்டோரி மோடில் மெனுவைத் திறந்து செட்டிங்ஸ், கிராபிக்ஸ் பக்கத்துக்குப் போய் டேப் விசையை அழுத்துங்கள். பெஞ்ச்மார்க் சோதனை ஓடும். மொத்தம் ஐந்து காட்சிகள். கடைசிக் காட்சிதான் மிக நீளம், கணினியின் வண்டவாளம் தெரிவதும் அதில்தான்.

முடிவுகள் டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் ராக்ஸ்டார் கேம்ஸ், ஜிடிஏ 5, பெஞ்ச்மார்க்ஸ் என்ற இடத்தில் சாதாரண உரைக் கோப்பாகச் சேரும். அதில் பலரும் சராசரி எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வரையப்படுகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே 99% என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு ஃபிரேமை வரைய எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற கணக்கு அது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். 99% வரியில் 20 என்று இருந்தால், நூற்றில் 99 ஃபிரேம்கள் 20 மில்லிசெகண்டுக்குள் முடிந்தன என்று அர்த்தம். அது நல்ல நிலை. அதே வரியில் 50 என்று இருந்தால், சராசரி 60-ஐத் தொட்டிருந்தாலும் விளையாடும்போது இடறும். நாம் சரிசெய்யப் போவது அந்த இடறலைத்தான்.

திணறுவது கார்டா, பிராசஸரா?

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ரெசல்யூஷனை மட்டும் 1920x1080-லிருந்து 1280x720-க்கு இறக்கிச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. பெரிதாக ஏறவில்லை என்றால் பிராசஸர் பக்கம் பாருங்கள். பார்த்துவிட்டு ரெசல்யூஷனைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

கார்டு திணறினால்

முதலில் எம்எஸ்ஏஏ. பொருட்களின் ஓரத்தில் தெரியும் ரம்பப் பல்லை மழுப்புவது இதன் வேலை. வேலையை நன்றாகவே செய்யும், ஆனால் இந்த விளையாட்டில் அதற்கு ஆகும் செலவு மிக அதிகம். அணைத்துவிட்டு, அதே வேலையை எளிய முறையில் செய்யும் எஃப்எக்ஸ்ஏஏவை மட்டும் போடுங்கள். படம் சற்று மென்மையாகத் தெரியும், கார்டுக்கு ஏறக்குறைய சுமையே இல்லை. ரிஃப்ளெக்‌ஷன் எம்எஸ்ஏஏவையும் அணையுங்கள். காரின் கதவில் தெரியும் பிம்பத்தின் ஓரம் எவ்வளவு வழவழப்பு என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அடுத்தது கிராஸ் குவாலிட்டி, அதாவது புல்லின் தரம். இதைக் கண்டுபிடிக்கத்தான் பலர் திண்டாடுகிறார்கள். நகருக்குள் எல்லாம் நன்றாக ஓடும். சிலியாட் மலை அடிவாரத்துக்குப் போனதும் எஃப்பிஎஸ் சரசரவென்று விழும். புல் ஒவ்வொன்றும் வரையப்பட வேண்டும், அதன் நிழலும் விழ வேண்டும் என்பதால் 'அல்ட்ரா'வில் வசதியான கார்டுகூடத் தடுமாறும். 'ஹை' போதும், சுமாரான கார்டு என்றால் 'நார்மல்'. நகருக்குள் வித்தியாசமே தெரியாது. இதை மாற்றிய பிறகு மட்டும் பெஞ்ச்மார்க்கை நம்பி நின்றுவிடாமல், அந்த மலைப்பக்கம் ஒருமுறை வண்டியை ஓட்டிப் பாருங்கள்.

போஸ்ட் எஃப்எக்ஸ், ஷேடோ குவாலிட்டி, ரிஃப்ளெக்‌ஷன் குவாலிட்டி மூன்றும் 'ஹை'யில் இருக்கட்டும். சாஃப்ட் ஷேடோஸில் என்விடியா, ஏஎம்டி பெயரில் வரும் தெரிவுகளை விட்டுவிட்டு 'சாஃப்ட்' என்பதை எடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும் ஹை ரெசல்யூஷன் ஷேடோஸ் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லையா? ரெசல்யூஷனைக் குறைப்பதற்குப் பதில் ஃபிரேம் ஸ்கேலிங் மோடை 3/4 வையுங்கள். 1920x1080 திரையில் காட்சி 1440x810 அளவில் வரையப்பட்டுத் திரைக்குப் பெரிதாக்கப்படும். புள்ளிகளின் எண்ணிக்கை 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும், மூலையில் இருக்கும் வரைபடமும் எழுத்துகளும் மட்டும் கூர்மையாகவே இருக்கும். இந்த மெனுவில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான், ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பிராசஸர் திணறினால்

பாப்புலேஷன் டென்சிட்டியை முக்கால்வாசியிலோ பாதியிலோ வையுங்கள். தெருவில் ஆட்களும் வண்டிகளும் குறைவார்கள், அவர்களை நடத்தும் கணக்கும் குறையும். தூரத்தில் இருப்பவற்றை எவ்வளவு விவரமாக வரைவது என்று தீர்மானிக்கும் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்கையும் கொஞ்சம் இறக்குங்கள். எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்கைப் பூஜ்யமாக்குங்கள். பின்னணியில் பிரவுசர் திறந்திருந்தால் மூடுங்கள்.

இவற்றைத் தொடாதீர்கள்

டெக்ஸ்சர் குவாலிட்டியை முதலில் குறைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. சுவர், சாலை, சட்டை எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும் படங்கள்தான் டெக்ஸ்சர். இவை பிடிப்பது கார்டின் நினைவகத்தை. அதில் இடம் இருக்கும்வரை இவற்றால் வேகம் குறையாது. கிராபிக்ஸ் பக்கத்தின் மேலே நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் பட்டை இருக்கிறது. அது எல்லைக்குள் இருந்தால் டெக்ஸ்சரைத் தாராளமாக 'வெரி ஹை'யில் விடுங்கள். எல்லையைத் தாண்டினால் மட்டும் ஒரு படி இறக்குங்கள். 'இக்னோர் சஜெஸ்டட் லிமிட்ஸ்' போட்டு எல்லையை மீறினால், கார்டில் இடம் போதாமல் கணினியின் சாதாரண ரேமிலிருந்து படங்கள் வந்து போகும், அதுவே இடறலாகும். ஆனிசோட்ராபிக் ஃபில்டரிங் 16-லேயே இருக்கட்டும்; செலவு குறைவு, தூரத்துச் சாலைக்கோடுகள் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக விசிங்க்

ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது விசிங்க். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் எஃப்பிஎஸ் எப்போதும் 60-க்கு மேல் நின்றால் விசிங்க்கை 'ஆன்' செய்யுங்கள். எவ்வளவு முயன்றும் 45 பக்கமே ஊசலாடுகிறது என்றால் 'ஹாஃப்' போடுங்கள், 30-ல் பூட்டிக்கொள்ளும். 45-ஐவிட 30 எப்படி நன்றாக இருக்கும் என்று தோன்றலாம். 45-ல் சில ஃபிரேம்கள் திரையில் ஒருமுறையும் சில இரண்டு முறையும் வருவதால் அசைவு நொண்டும். 30-ல் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை வரும். கார் ஓட்டிப் பார்த்தால் கையிலேயே தெரியும்.

எந்த மாற்றமானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சோதனையை ஓட்டி, 99% வரியை ஒப்பிடுங்கள். சில மாற்றங்களுக்கு விளையாட்டை மூடித் திறக்கச் சொல்லும், சலிக்காமல் செய்யுங்கள். எல்லாம் சரியாக அமைந்ததும், பெஞ்ச்மார்க்ஸ் கோப்புறைக்கு ஒரு படி மேலே இருக்கும் 'செட்டிங்ஸ்' எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அமைப்புகள் எப்போதாவது கலைந்துபோனால் அதைத் திரும்ப ஒட்டினால் போதும். ஏடாகூடமாக எதையோ மாற்றி விளையாட்டே திறக்கவில்லை என்றால், ஜிடிஏ 5 கோப்புறைக்குள் இருக்கும் அந்த 'செட்டிங்ஸ்' கோப்பை அழித்துவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.