ஒண்ணாம் அடியை விட்டுவிடுங்கள்: இன்னிசைக் குழுவுக்கு ரெகே பழக்குவது எப்படி

அரியமான் கடற்கரைக்குப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்க வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் எங்கள் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு, “ரெகே வாசிப்பீர்களா?” என்றார்கள். ஜமைக்கா நாட்டு இசை வகை அது. கீபோர்டு தம்பி யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டான். அன்றைக்கு நாங்கள் வாசித்தது ரெகே இல்லை. தேர்தல் பிரச்சார வண்டியில் ஓடும் பாட்டைப் பாதி வேகத்தில் போட்டது போல இருந்தது. கேட்டவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் ரொம்ப உறுத்தியது.

அடுத்து மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் டிரம்ஸ் அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மற்ற மாதங்களில் அவரைப் பயிற்சிக்குப் பிடிப்பதே பெரிய பாடு. அந்த இரண்டு மாதமும் தங்கச்சிமடத்தில் ஒரு வலைக் கொட்டகையில் உட்கார்ந்து பழகினோம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன். கார்டு பிடிக்கவும், தாளம் தப்பாமல் ஒரு சினிமாப் பாட்டை வாசிக்கவும் உங்கள் ஆட்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதல் வாரம் கருவியைத் தொடாதீர்கள்

ரெகே ஜமைக்காவில் பிறந்தது. ஸ்கா, அப்புறம் ராக்ஸ்டெடி, அது இன்னும் மெதுவாகிக் கனத்து 1960களின் கடைசியில் ரெகே ஆனது. 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இதையெல்லாம் குழுவுக்குச் சொன்னால் கொட்டாவிதான் வரும். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சொல்ல வேண்டிய பெயர்கள் இரண்டுதான்: கார்ல்ட்டன் பாரட், ஆஸ்டன் பாரட். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் அண்ணன் ஆஸ்டன் பாஸ் கிட்டார், தம்பி கார்ல்ட்டன் டிரம்ஸ். இவர்கள் வாசித்ததை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

முழுப் பாட்டை அனுப்பாதீர்கள். அனுப்பினால் எல்லோரும் பாடகர் குரலைத்தான் கேட்பார்கள். ஆடாசிட்டியில் இருபது வினாடி வெட்டி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்து, ஆளுக்கு ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். காசு கேட்கும் செயலிகள் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கீபோர்டில் ‘ரெகே ஸ்டைல்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டு மேலே வாசித்தால் ஒரே நாளில் வேலை முடிந்த மாதிரி தெரியும். வேண்டாம். அது வாசிக்கும், நீங்கள் வேடிக்கை பார்ப்பீர்கள். அதோடு டிரம்ஸ் அண்ணன் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

2. எண்ணுவது எப்படி என்று முதலிலேயே பேசி முடியுங்கள்

இங்கேதான் நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்.

டிரம்ஸ் அண்ணன் பார்த்த காணொளியில் “மூணில் அடி” என்று இருந்தது. கிட்டார் மாப்ள பார்த்ததில் “எண்ணுக்கு நடுவில் வெட்டு” என்று இருந்தது. இரண்டும் சரி. ஆனால் இரண்டு வாத்தியார்களும் இரண்டு வேகத்தில் எண்ணுகிறார்கள். ஒருவர் நிமிஷத்துக்கு 160 என்று எண்ணினால், இன்னொருவர் அதே பாட்டை 80 என்று எண்ணுகிறார். அண்ணனின் 160இல் மாப்ள தன்னுடைய ‘நடுவில்’ வெட்டியபோது, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வெட்டு விழுந்தது. பாட்டு ராமேஸ்வரத்துப் பழைய குதிரை வண்டி மாதிரி ஓடியது. “நீதான் தப்பு”, “இல்ல, நீங்கதான் தப்பு” என்று எட்டு மணி வரை போனது.

கீபோர்டு தம்பி சின்ன வயதில் கொஞ்ச நாள் மிருதங்கம் படித்தவன். “அண்ணே, இது கீழ்க்காலம் மேல்காலம் குழப்பம்” என்று ஒரே வரியில் முடித்தான். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

நாங்கள் வேகமான எண்ணிக்கையையே வைத்துக்கொண்டோம். அதில் இப்படி வரும்:

ஒண்ணு: காலி
ரெண்டு: கிட்டார் வெட்டு
மூணு: டிரம்ஸ்
நாலு: கிட்டார் வெட்டு

சுவரில் சாக்பீஸால் எழுதிப் போடுங்கள். மெட்ரோனோமில் (சீராக ‘டிக்’ அடித்து வேகம் காட்டும் கருவி) 160, 80, 40 எதைப் போட்டாலும் பாட்டின் வேகம் ஒன்றுதான், எத்தனை ‘டிக்’ விழுகிறது என்பதுதான் வித்தியாசம். இதை எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. ஒன் டிராப்

இந்தத் தாளத்துக்குப் பெயரே ‘ஒன் டிராப்’. நாம் குத்துப் பாட்டில் ஓங்கி மிதிக்கும் ஒண்ணாம் அடி இங்கே கீழே விழுந்து காணாமல் போகிறது. கிக்கும் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரின் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) ரிம்மும், அதாவது விளிம்பும், சேர்ந்து மூணில் விழும். ஸ்னேரின் தோலை அடிக்கக் கூடாது. குச்சியைத் தோல்மேல் படுக்க வைத்து அடுத்த முனையால் விளிம்பைத் தட்ட வேண்டும், ‘டொக்’ என்று மரச்சத்தம் வரும். ஹை-ஹேட் என்கிற ஜோடித் தட்டு சீராக ஓடும், கொஞ்சம் நொண்டலாம்.

எழுத எளிது. டிரம்ஸ் அண்ணனின் வலது கால் இருபது வருஷமாக ஒண்ணில் மிதித்த கால். சந்தியாகப்பர் திருவிழா மேடையிலும் கல்யாண வரவேற்பிலும் அந்தக் காலை நம்பித்தான் நாங்கள் பிழைத்தோம். அதைப் போய் “மிதிக்காதே” என்றால் கேட்குமா? வாயால் எண்ணச் சொன்னேன். வாய் எண்ணியது, கால் மிதித்தது. பெடலுக்கு அடியில் செருப்பைச் செருகினேன், செருப்பு நசுங்கியது. இதில் என் தப்பும் உண்டு. “அங்கே ஒண்ணும் இல்ல அண்ணே, சும்மா விடுங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பதை ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது.

மூன்றாம் நாள் கொட்டகைக்கு வெளியே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே, கரைவலைக்கு இல்லை. இப்போது அம்பா என்கிற வலை இழுக்கும் பாட்டைப் பாடி இழுப்பது குறைந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் “ஏலேலோ” என்றதும் மற்றவர்கள் “ஐலசா” என்று இழுத்தார்கள். அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“அண்ணே, ஏலேலோல யாராவது இழுக்கிறாங்களா?”

“இழுக்க மாட்டாங்க. அப்பத்தான கை மாத்திப் பிடிக்கணும். இல்லாட்டி கயிறு நழுவிரும்ல.”

“அந்தக் கை மாத்துறதுதான் ஒண்ணு. ஐலசாதான் மூணு.”

ஒரு நிமிஷம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத மொத நாளே சொல்லிருக்கலாம்ல” என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த பயிற்சி இது. கொட்டகைத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். குழுவில் இருக்கிற எல்லோரும், பாடகி உட்பட, கயிற்றைப் பிடியுங்கள். ‘ஏலே’ ஒண்ணு, ‘லோ’ ரெண்டு, ‘ஐ’ மூணு, ‘லசா’ நாலு. ‘ஐ’யில் மட்டும் இழுக்க வேண்டும். ‘ஏலே’யில் கை முன்னால் போய்ப் பிடிக்கிறது, மூச்சு உள்ளே போகிறது. பத்து நிமிஷம் போதும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிறகு டிரம்ஸில் உட்கார்ந்து, வாயில் அம்பாவோடு கிக் மட்டும். அது நின்றபின் ரிம். கடைசியாக ஹை-ஹேட். மூன்றும் ஒன்றாக ஆரம்பித்தால் கால் பழையபடி ஒண்ணுக்கு ஓடிவிடும்.

நடுவில் உருட்டு அடித்ததும் க்ராஷ் என்கிற பெரிய தட்டோடு ஒண்ணில் இறங்குவது இன்னொரு பழக்கம். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து, க்ராஷைக் கழற்றி மூலையில் வைத்ததுதான். ஒரு மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

4. கிட்டார்

ரெண்டிலும் நாலிலும் ஒரு வெட்டு, உடனே நிறுத்தம். வெட்டுவது வலது கை என்றாலும் நிறுத்துவது இடது கை: கார்டைப் பிடித்திருக்கும் விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி செத்துவிடும். அதனால் திறந்த தந்திகள் உள்ள கார்டுகள் ஆகாது, அவை முழங்கிக்கொண்டே இருக்கும். பாரே கார்டு (ஒரு விரலைப் படுக்க வைத்துத் தந்திகளை அழுத்துவது) பிடித்து, கீழே இருக்கும் மூன்று நான்கு மெல்லிய தந்திகளை மட்டும் தொடுங்கள். எஃபெக்ட் பெடல் எதுவும் வேண்டாம். மாப்ள புதிதாக வாங்கிய டிஸ்டார்ஷன் பெடலை விட மனசில்லாமல் இரண்டு நாள் மிதித்துப் பார்த்தான். நொறுங்கிய அப்பளம் மாதிரி இருந்தது.

5. கீபோர்டு

வலது கை பியானோ ஒலியில் கிட்டாரோடு சேர்ந்து வெட்டினாலே பாதி வேலை முடிந்தது. ஆர்கன் ஒலி வைத்தால் இடது கையும் சேரும்: ஒண்ணில் ஓய்வு, அடுத்த அரையில் இடது, ரெண்டில் வலது, அடுத்த அரையில் இடது. மூணில் மறுபடி ஓய்வு, மறுபடி இடது-வலது-இடது. கொதிக்கிற உலை மாதிரி மெல்லக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் தெரியாது, நிறுத்தினால்தான் என்னமோ குறைகிறதே என்று தோன்றும். சத்தத்தைக் கூட்டாதீர்கள். கீழ்ப்பக்கத்துத் தானியங்கி பாஸை அணைத்துவிடுங்கள், பாஸ் வாசிக்க ஆள் இருக்கிறார்.

6. பாஸ்

எங்கள் பாஸ் கீழக்கரைக் காக்கா; அந்த ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். அவருக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஆஸ்டன் பாரட்டின் துண்டுகளைக் கேட்டுவிட்டு, “தம்பி, இதுல பாஸ்தான் பாட்டு, மத்ததெல்லாம் பக்கவாத்தியம்” என்றார். சரியான பேச்சு. ட்ரெபிளை முழுக்கக் குறைத்து, கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் மீட்டினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வாசிக்கப்போகும் வரியை முதலில் வாயால் பாடிக் காட்ட வேண்டும். பாட முடியாத வரி என்றால் சுரங்கள் அதிகம் என்று அர்த்தம். அவர் பாதியைக் குறைத்த பிறகுதான் கொட்டகைத் தகரம் சரியாக அதிர ஆரம்பித்தது.

பாஸ் ஒண்ணில் வரலாமா என்று கேட்பீர்கள். வரலாம். காலியாக இருக்க வேண்டியது டிரம்ஸ்தான்.

7. சோதனை: மெட்ரோனோம் 40

எல்லோரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்ததும் மெட்ரோனோமை 40இல் வையுங்கள். விழுகிற ஒவ்வொரு ‘டிக்’கும் மூணு என்று வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதாவது ‘ஐ’ மட்டும் கேட்கும், ‘ஏலேலோ’வை நீங்களே மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிஷம் விலகாமல் போனால் மேடைக்குப் போகலாம். எங்களுக்கு அதற்கு மூன்று வாரம் ஆனது.

பிறகு சேர்த்தது

தொண்டியிலிருந்து ஒரு தம்பி எழுதினார். 40இல் வைத்ததும் கொஞ்ச நேரத்தில் ‘டிக்’ ஒண்ணு மாதிரி கேட்க ஆரம்பித்து எல்லாம் தலைகீழாகப் புரண்டுவிடுகிறதாம். எங்களுக்கும் அது நடந்தது, எழுத மறந்துவிட்டேன். புரண்டுவிட்டால் வாசித்துக்கொண்டே சரிசெய்யப் பார்க்காதீர்கள், முடியாது. நிறுத்துங்கள். ஒருவர் ‘ஏலேலோ’ எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ‘ஐ’யில் நுழையுங்கள்.

டிரம்ஸ் செட் இல்லை, டோலக்கும் எலக்ட்ரானிக் பேடும்தான் இருக்கிறது என்று இன்னொருவர். டோலக்கே போதும். இடது கை ‘தொம்’ மூணில் மட்டும், அதே நேரம் வலது கை விளிம்பில். பேடில் கிக், ரிம் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடுக்கி வைக்கலாம், ஆனால் பழகும்போது வேண்டாம். ஒரு கையால் அடித்துப் பழகினால் காலுக்கு எதுவும் போய்ச் சேராது.

கூட்டம் ஆடவில்லை, கை தட்டவும் வரவில்லை என்று சிலர். நம் ஊரில் கூட்டம் ஒண்ணில்தான் தட்டும், அதைக் கேட்டு டிரம்ஸ் மாறினால் அவ்வளவுதான். கடைசிப் பாட்டுக்கு ‘ஸ்டெப்பர்ஸ்’ வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிக் நிதானமாக நடை போடும். மெதுவான 80 எண்ணிக்கையில் நாலு எண்ணிலும் விழும். ரிம்மும் கிட்டாரும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதுவும் ரெகேதான், ஆட வருகிறவர்களுக்குக் காலுக்குப் பிடி கிடைக்கும்.

இன்னொன்று, எங்கள் குழுவிலேயே வந்தது. தடைக்காலம் முடிந்து ஜூலையில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் குத்துப் பாட்டு கேட்டார்கள். அண்ணன் ஒண்ணை விட்டுவிட்டு மூணில் போய் இறங்கினார்; ஆடிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறி நின்றார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ரெகே பயிற்சியின் முடிவிலும் பத்து நிமிஷம் குத்து வாசித்துவிட்டுத்தான் கயிற்றைச் சுருட்டுகிறோம்.