லட்லோ சந்தைக்குப் போகிறீர்களா?
இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உள்ள லட்லோவுக்குக் கோடையில் போனால் வியாழக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். மாதத்தின் 2-ஆம், 4-ஆம் வியாழன்களில் கோட்டைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் சுற்றுவட்டார விவசாயிகளின் சந்தை கூடும். மதியம் 2 மணி வாக்கில் கடையைக் கட்டிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சீஸ் வாங்கும்முன், பாலைத் திரியவைக்கச் சேர்க்கும் ‘ரென்னட்’ எதிலிருந்து எடுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு. ‘ஃபிட்ஜெட் பை’ என்ற ஊர்ப் பலகாரத்தில் ஆப்பிள், வெங்காயத்தோடு பன்றி இறைச்சியும் இருக்கும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஜூன், ஜூலை ஸ்ட்ராபெரிதான். அன்றே சாப்பிட்டால்தான் ருசி. அப்புறம், மரக் கரண்டி, மண் கோப்பை ஏதாவது கண்ணில் பட்டால், எப்படிக் கழுவ வேண்டும் என்று செய்தவரிடமே கேட்டு வாங்குங்கள்.