ஆறாத புண்ணும் அழியாத கறையும்: தோல் புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறநோயாளிப் பிரிவில் என் மேசைக்கு இடப்புறம் ஒரு நாற்காலி உண்டு. தோல் மருத்துவம் படிக்க வரும் இளம் மருத்துவர்கள் முறை வைத்து அதில் அமர்ந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். சென்ற மாதம் அங்கே இருந்தவர், ஒரு பெரியவரின் பாதத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல், "சர்க்கரைப் புண், மேடம்" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். 22 ஆண்டுகளுக்கு முன்பு அதே சொல்லை அதே வேகத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒருவர் கொடுத்த விலையை இன்றும் மறக்க முடியவில்லை.

உச்சி வெயிலில் குடை பிடிப்பது, மச்சம் பெரிதானால் மருத்துவரிடம் காட்டுவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் இடறி விழும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வெயில் படும் இடத்தில் மட்டும் தேடுவது

தோல் புற்றுநோய் பற்றிய பாடங்களில் பெரும்பகுதி வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. நம்முடைய தோலில் இருக்கும் மெலனின் என்னும் நிறமி வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுவதால், தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியதான மெலனோமா நம்மவர்களுக்கு வரும்போது வெயில் எட்டாத இடங்களில்தான் அதிகம் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லாமல் அனுப்புகிறவர் தோலை முழுதாகப் பார்த்தவர் ஆகமாட்டார்.

இதற்காக வெயிலால் தீங்கே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களுக்கு வெயில்தான் முதல் எதிரி; அவர்களுக்குச் சிறு வயது முதலே முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் மருந்துக்குச் சமம். ஆண்டுக்கணக்கில் வயலில் நின்றவர்களின் கீழ் உதட்டில் வெடித்து ஆறாமல் நிற்கும் புண்ணையும், மூக்கோரத்தில் மச்சம் போலக் கறுத்து மினுமினுப்பாக மெதுவாக வளரும் கட்டியையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பின்னது பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றுநோய் வகையாக இருக்கலாம். வெள்ளைத் தோலில் முத்துப் போல வெளிறித் தெரியும் அது, நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகத் தெரிவதால், மச்சம் என்றே பல ஆண்டுகள் விட்டுவிடுகிறார்கள்.

ஆறாத புண்ணுக்கு முதல் நாளே பெயர் வைப்பது

22 ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த அந்த நோயாளி நெல் வயலில் கூலி வேலை செய்தவர். ஐம்பதைக் கடந்த வயது. சர்க்கரை நோயும் இருந்தது. உள்ளங்காலின் வளைவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். புண்ணின் மேலும் அதைச் சுற்றிலும் ஜென்ஷன் வயலட் என்னும் ஊதா மருந்தைப் பூசியிருந்தார்கள். அந்த ஊதா நிறத்துக்குள் புண்ணின் ஓரத்தில் அரிசி மணி அகலத்தில் ஒரு கறுப்பும் இருந்தது. மருந்தின் கறை என்று நான் எடுத்துக்கொண்டேன். சர்க்கரைப் புண் என்று எழுதி, கட்டுப் போடச் சொல்லி, ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவர் மறுமாதம் வந்தார், அதற்கு அடுத்த மாதமும் வந்தார். ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைப் பார்த்து அதையே திரும்ப எழுதினேன். ஏழாவது மாதத்தில் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று அவரே கையால் தொட்டுக் காட்டிய பிறகுதான் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஊதா போயிற்று, கறுப்பு போகவில்லை.

பரிசோதனையில் மெலனோமா என்று வந்தது. நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் அந்தப் பஞ்சை எடுக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனக்கு எரிச்சல் தருவது அறியாமை அல்ல. பெயர் வைத்துவிட்ட பிறகு கண் மூடிக்கொள்வதுதான். சர்க்கரைப் புண் பொதுவாக அழுத்தம் விழும் இடத்தில், பெருவிரலின் அடிப்பகுதியிலோ குதிகாலிலோ, தடித்த காய்ப்புக்கு நடுவில், உணர்ச்சி மரத்த காலில் வரும். என் நோயாளியின் புண் தரையைத் தொடாத வளைவில் இருந்தது. அவருக்குக் காலில் உணர்ச்சியும் நன்றாகவே இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்பதைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். அழுத்தம் விழும் இடத்தில் மெலனோமா வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குதிகாலிலும் வரும், கால் ஆணியைப் போலவே தோற்றமளிக்கும். சில மெலனோமாக்களில் கறுப்பே இராது. சிவந்த பிசுபிசுப்பான சதை வளர்ச்சியாகத்தான் தெரியும். ஆகவே இடமும் நிறமும் நம்மைச் சந்தேகப்பட வைக்கலாமே தவிர, சந்தேகத்தைத் தீர்த்துவைக்கா.

நான் இப்போது பின்பற்றும் கணக்கு எளிது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, புண்ணின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொண்டு, ஒழுங்காகக் கட்டுப் போட்டும் 4 முதல் 6 வாரங்களில் ஒரு புண் சுருங்கத் தொடங்கவில்லை என்றால் பயாப்ஸிக்குச் சதை எடுத்துவிட வேண்டும். கறுப்புக் கறை தெரிந்தால் அந்த வாரங்களுக்கும் காத்திருக்கக் கூடாது. புண்ணின் நடுவில் அழுகிய சதைதான் கிடைக்கும் என்பதால் ஓரத்திலிருந்து, ஆழமாக எடுக்க வேண்டும். மெலனோமா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் அளக்கும் முறையை அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் முன்வைத்தார். எவ்வளவு அகலத்துக்கு வெட்டி எடுப்பது, நிணநீர் முடிச்சைச் சோதிப்பதா என்பதையெல்லாம் இன்றும் அந்த அளவைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள். மேலாகச் சீவி எடுத்தால் அந்த அளவே கிடைக்காமல் போய்விடும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று வீட்டார் தடுப்பார்கள். பரிசோதனைக்காகச் சதை எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை. அந்தப் பயத்தில் கடக்கும் மாதங்களில்தான் அது பரவுகிறது. இதைச் சொல்லும்போது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நோயாளியோடு வந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் முடிவெடுப்பவர் அவர்தான்.

பழைய தீக்காயத் தழும்பும் இதே கணக்கில் சேரும். தழும்பில் தோன்றும் இத்தகைய புண்ணை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலினின் பெயரால் (1828) அதை மார்ஜோலின் புண் என்கிறோம். சிறு வயதில் அடுப்பங்கரையில் சுட்டுக்கொண்ட இடம், முப்பது ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று வெடித்துப் புண்ணாகி ஓரம் தடித்து நிற்கும்; அது புற்றாக இருக்கலாம். காஷ்மீரில் குளிர்காலத்தில் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றுநோய்க்கு அந்தச் சட்டியின் பெயரே உண்டு. பாவாடை நாடாவையும் வேட்டியையும் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக இறுக்கிக் கட்டிய இடுப்பில், உராய்வால் ஆறாத புண் உண்டாகிப் புற்றாக மாறியதும் நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. இடுப்புத் தோல் கறுத்துத் தடித்திருந்தால் நாடாவைத் தளர்த்துங்கள். அங்கே புண் வந்து ஆறாவிட்டால் களிம்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

சுண்ணாம்பும் சோடாவும் வைத்து மச்சத்தை எடுப்பது

வேண்டாம்.

சுட்டு எடுத்துவிட்டுச் சதையைக் குப்பையில் போடுவது

மரு என்று நினைத்து எடுத்தது மருவாகவே இருந்தால் பிரச்சினை இல்லை. வேறொன்றாக இருந்திருந்தால், இரண்டு ஆண்டு கழித்து நெறி கட்டி வருகிறவரிடம் முன்பு எடுத்தது என்ன என்று கேட்கும்போது பதில் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். மருவுக்குரிய சொரசொரப்பு இல்லாமல் கறுத்தோ, இரத்தம் கசிந்தோ, வேகமாக வளர்ந்தோ இருப்பதை லேசரால் பொசுக்கவே கூடாது. வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். எடுத்த சதையைச் சலைன் என்னும் உப்புநீரில் போட்டு அனுப்பிய பயிற்சி மருத்துவரும் உண்டு. அது சோதனைக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சிதைந்திருந்தது. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில்தான் போட வேண்டும், அதுவும் சதையின் அளவைப்போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும்.

நகத்துக் கறுப்பை அடிபட்டது என்று விடுவது

ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் எண்ணினார்கள். 1977-இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-இல், 36 வயதில் அவர் இறந்தார். அடிபட்டுக் கட்டிய இரத்தம் நகம் வளர வளர முன்னோக்கி நகரும். அதற்குப் பின்னால் சுத்தமான நகம் முளைத்து வரும். கால் பெருவிரல் நகம் முழுதாக மாற ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்றாலும், இரண்டு மூன்று மாதங்களிலேயே நகர்வு கண்ணுக்குத் தெரியும். கைபேசியில் மாதம் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். நகராத கறுப்பு அடிபட்டதாக இராது. நம்மில் பலருக்குப் பல விரல்களில் பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருப்பதுண்டு. அவை கவலைக்குரியவை அல்ல. நடு வயதுக்குப் பின் ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோடும், நகத்தைத் தாண்டி ஓரத் தோலில் கசிந்திருக்கும் கறுப்பும் கவலைக்குரியவை.

சன்ஸ்கிரீன் பூசுவதால் உள்ளங்காலைப் பார்க்காமல் விடுவது

மாதம் ஒரு முறை, குளித்த பின், தரையில் கண்ணாடி வைத்து.

முடிவைப் போய் வாங்காமல் விடுவது

சதை எடுத்தவர் வேறு, அறிக்கை எழுதுபவர் வேறு, அதைப் பார்த்து நோயாளியை அழைக்க வேண்டியவர் மூன்றாமவர் என்று இருக்கும் இடங்களில், புற்றுநோய் என்று எழுதப்பட்ட தாள் அலமாரியில் கிடக்க, நோயாளி நடவுக்குப் போயிருப்பார். தையல் பிரிக்க வரும் நாளையே அறிக்கை வாங்கும் நாளாக வைத்தால் பாதிப் பேர் தவறமாட்டார்கள். மீதிப் பேருக்காக என் மேசை இழுப்பறையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது: சதை எடுத்த தேதி, நோயாளியின் பெயர், இரண்டு கைபேசி எண்கள், ஒன்று அவருடையது, மற்றது பேரனுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ. அறிக்கையை அவர் கையில் கொடுத்த பிறகுதான் அந்த வரியை அடிப்பேன். சென்ற மாதம் வந்த பெரியவரின் வரியை நாற்காலியில் இருந்த இளம் மருத்துவரையே எழுதச் சொன்னேன். அடிப்பதும் அவர்தான் என்று சொல்லியிருக்கிறேன்.