முதல் கேம் ரிவ்யூ எழுதுவது எப்படி: மதிப்பெண்ணைக் கடைசியில் போடுங்கள்

ஒரு கேமை முடித்ததும் "பத்துக்கு எட்டு" என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால்தான் திணறுவோம். நல்ல விமர்சகர்கள் அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் எழுதிவிடுகிறார்கள், எண் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அவர்கள் செய்வதைப் படிப்படியாகப் பார்த்து, நாமும் ஒரு ரிவ்யூ எழுதிப் பழகலாம்.

உதாரணத்துக்கு 2023 ஜூலை கடைசியில் வந்த 'வெண்பா'வை எடுத்துக்கொள்கிறேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவர் பாவலன், அங்கே வளரும் மகன் கவின், இவர்களின் கதை. வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்ன கேம் என்பதால் பழகுவதற்கு வசதி, கூடவே மதிப்பெண் போடுவதிலுள்ள சிக்கல் எல்லாம் இதிலேயே கிடைத்துவிடும்.

படி 1: அளவுகோலை எழுதி வையுங்கள்

விளையாடத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். உங்கள் அளவில் 5 என்றால் என்ன, 7 என்றால் என்ன, 10 யாருக்கு? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், எல்லோருடைய 7-ம் ஒன்றில்லை. பிரிட்டனின் 'எட்ஜ்' கேம் பத்திரிகையில் 5 என்றால் நடுத்தரம், அவ்வளவுதான். அமெரிக்கத் தளங்கள் பலவற்றில் 7-க்குக் கீழே போனாலே வாசகர்கள் 'தேறாத கேம்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே பள்ளிக்கூடத்திலேயே 70 என்பது சுமாரான மார்க் என்பதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கு சட்டென்று பிடிபடாது. ஜப்பானின் 'ஃபமிட்சு' பத்திரிகை இன்னொரு வழி வைத்திருக்கிறது: நான்கு பேர் தனித்தனியாகப் பத்துக்குப் போட்டு, கூட்டி, நாற்பதுக்குச் சொல்வார்கள். முதன்முதலில் முழு 40 வாங்கியது 1998-இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்'.

தசமப் புள்ளி வேண்டாம். 8.3-க்கும் 8.4-க்கும் என்ன வித்தியாசம் என்று வாசகருக்கு விளக்க முடியாது. ஐஜிஎன் என்ற பெரிய கேம் விமர்சனத் தளமே 2020-இல் தசமத்தைக் கைவிட்டு முழு எண்ணுக்கு வந்துவிட்டது. யூரோகேமர் தளம் 2015-இல் மதிப்பெண்ணையே தூக்கிவிட்டு, 2023-இல் ஐந்து நட்சத்திரத்துடன் திரும்பியது. புதிதாக எழுதுபவர்களுக்கு நான் சொல்வதும் ஐந்து நட்சத்திரம்தான். பத்து வேண்டும் என்றால் முழு எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: எதில் விளையாடினீர்கள் என்று குறியுங்கள்

பிசியா, பிஎஸ்5-ஆ (பிளேஸ்டேஷன் 5), ஸ்விட்ச்சா, எந்த வெர்ஷன்? நோட்டின் முதல் வரியே இதுதான். அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' போதும். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி வெர்ஷன் மட்டும். பாராட்டு குவிந்தது. கேம் கடைக்கு வந்த பிறகுதான் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் அது தடுமாறுவதைப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிசிக்கு 86, பிஎஸ்4-க்கு 57. பெயர் ஒன்று, விற்ற பொருள் இரண்டு.

படி 3: விளையாடும்போதே குறிப்பு எடுங்கள்

முடித்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் கடைசிக் காட்சி மட்டும்தான் மனதில் நிற்கும். அதனால் போன் நோட்ஸிலோ ஒரு காகிதத்திலோ அவ்வப்போது கிறுக்குங்கள். முழு வாக்கியம் வேண்டாம். வெண்பாவுக்கு இப்படி இருக்கலாம்:

"இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத்துக்கும் போகும்னு கேக்குது. குறிப்புல அந்த இடம்தான் அழிஞ்சிருக்கு. தப்பா செஞ்சா தண்டனை இல்ல, திரும்பப் பண்ணலாம்."

"சமைக்கும்போது ரேடியோ. பழைய சினிமாப் பாட்டுச் சாயல். அடுத்த பாட்டுக்காகவே கிச்சனுக்குப் போகத் தோணுது."

"பல வருஷம் ஒரே தாவல். கவின் திடீர்னு பெரியவன். நடுவுல என்ன நடந்துச்சு?"

முதல் குறிப்பு இந்த கேமில் கை என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எது இழுத்தது என்பதை, மூன்றாவது எது குறைந்தது என்பதை. இந்த மூன்று வகையும் நோட்டில் இருந்தால் ரிவ்யூ பாதி முடிந்த மாதிரி. எங்கே சலிப்புத் தட்டியது, எங்கே போனை எடுத்துப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், அதுவும் தகவல்தான்.

பெரிய கேம் என்றால் முழுதும் முடிக்க வேண்டுமா? முடித்தால் நல்லது. முடியாவிட்டால் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று ரிவ்யூவில் சொல்லிவிடுங்கள். ஆன்லைன் கேமுக்கு முடிவே கிடையாது, அதற்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 4: கேம் எதைச் செய்யப் பார்த்தது?

பழைய பத்திரிகைகளிலும் தளங்களிலும் கிராபிக்ஸுக்கு இவ்வளவு, ஒலிக்கு இவ்வளவு, எத்தனை நாள் விளையாடலாம் என்பதற்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவார்கள். ஐஜிஎன்னும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டது, ஆனால் மொத்த மதிப்பெண் அவற்றின் சராசரி அல்ல என்று கீழேயே எழுதியும் வைத்தது. பிரித்துப் போட்ட எண்களைக் கூட்டி வகுத்து எந்த கேமையும் எடைபோட முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

வெண்பாவை அந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். 'எத்தனை நாள் விளையாடலாம்' என்ற இடத்தில் ஒன்றரை மணி நேரம் என்று எழுதினால் 3 கூடத் தேறாது. அதே கேம்தான் 2024-இல் சுயாதீன கேம்களுக்கான இண்டிபெண்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரிய பரிசையும், முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதையும் வாங்கியது. ஒரு குடும்பத்தின் முப்பது வருடத்தைச் சில சமையல்களில் சொல்லப் பார்க்கிற கேமை, நூறு மணி நேரம் ஓடும் கேமின் நீளத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. கொடுத்த நேரத்தில் சொல்ல வந்ததைச் சொன்னதா என்று கேளுங்கள். விலைக்குத் தகுமா என்பது நியாயமான கேள்வி, அதை ஒரு வரியில் தனியாகச் சொல்லிவிடலாம்.

படி 5: எழுதுங்கள்

"கிராபிக்ஸ் சூப்பர், மியூசிக் அருமை, கேம்ப்ளே ஓகே." இந்த வரியை எந்த கேமுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். அப்படி ஒட்ட முடிகிற வரியை எல்லாம் அடியுங்கள். அதற்குப் பதிலாக:

"இட்லி அடுக்குவதில் கொஞ்சம் யோசிக்க வைத்த கேம், அதற்குப் பின் அந்த யோசனையைப் பெரிதாக வளர்க்கவில்லை. புதிர்கள் எளிதாகவே இருக்கின்றன. ஆனால் அழிந்துபோன குறிப்பை நிரப்பும் ஒவ்வொரு முறையும், அம்மாவின் கைப்பக்குவத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்க்கும் வெண்பாவின் இடத்தில் நாம் நிற்கிறோம்."

கதையின் திருப்பங்களைச் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

படி 6: இப்போது மதிப்பெண்

எழுதியதைப் படித்துப் பார்த்து, படி 1-இல் வைத்த வரிகளில் எதனோடு பொருந்துகிறது என்று பாருங்கள். என் அளவில் வெண்பா பத்துக்கு 8. புதிர்கள் வளராததாலும் அந்த வருடத் தாவல்களாலும் 9 போகவில்லை.

அப்புறம் ஒரு சோதனை. எண்ணை மறைத்துவிட்டு ரிவ்யூவை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எவ்வளவு போட்டிருப்பேன் என்று கேளுங்கள். அவர் 5 என்று சொன்னால் ரிவ்யூவில் குறைகள் மட்டும் சத்தமாக ஒலிக்கின்றன, அல்லது உங்கள் 8 பாசத்தில் போட்டது. தமிழ்க் குடும்பக் கதை என்றதும் நமக்கு அந்த ஆபத்து கூடுதல்.

இதற்கு முன் மெட்டாகிரிட்டிக் பக்கம் போகாதீர்கள். 2001-இல் தொடங்கிய அந்தத் தளம் எல்லா விமர்சனத்தையும் நூறுக்கு மாற்றி, சில வெளியீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. நாலு நட்சத்திரம் அங்கே 80 ஆகிவிடும், 'எட்ஜ்' நடுத்தரம் என்று போட்ட 5 அங்கே 50 ஆகும். அந்த எண்ணில் பணமும் இருக்கிறது: 2010-இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 85 எடுத்தால் அதை உருவாக்கிய ஒப்சிடியனுக்கு போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. எவரோ ஒருவர் அரைமனதாகப் போட்ட எண்ணும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் காணும் சதவீதத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 90% என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள், அவ்வளவே. எல்லோருக்கும் 'பரவாயில்லை' என்று பட்ட கேம்கூட 100% வாங்கலாம்.

படி 7: வெளியிடும் முன்

கேமை யார் காசில் விளையாடினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். நிறுவனம் இலவசமாக ரிவ்யூ கோட் (கேமைத் திறக்கும் குறியீடு) அனுப்பியிருந்தால் சொல்லிவிடுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, மறைத்தால்தான் தப்பு. கோட் வந்தால் கூடவே எம்பார்கோ தேதியும் (ரிவ்யூவை வெளியிட அனுமதிக்கும் நாள்) வரும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

தேதியையும் வெர்ஷன் எண்ணையும் மேலேயே போடுங்கள். கேம் மாறிக்கொண்டே இருக்கும். 2013-இல் 'சிம்சிட்டி' வந்தபோது பாலிகான் தளம் முதலில் 9.5 கொடுத்தது. வெளியான பின் சர்வர்கள் படுத்துவிட, 8 ஆக்கினார்கள், பிறகு 4, கடைசியில் 6.5. இப்படி எண்ணை ஆட்டுவதைவிட, பழைய மதிப்பெண்ணை அப்படியே விட்டு, கீழே தேதியோடு "இந்த பேட்ச்சுக்குப் (திருத்த அப்டேட்டுக்கு) பின் இது சரியாகிவிட்டது" என்று இரண்டு வரி சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. கேம் அடியோடு மாறிவிட்டதா? அப்படியானால் புதிதாக ஒரு ரிவ்யூவே எழுதி, பழையதற்கு இணைப்பு கொடுத்துவிடுங்கள்.